திறந்தவெளி காலிமனை அல்ல

பழமையான திறந்தவெளியில் வீடு கட்டுவதை எதிர்த்துக் குடியிருப்போர் போராடும் செய்தியைப் படித்தேன். வீடு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டை வேறிடத்திலும் கட்டலாம். தலைமுறைகளாகப் புழங்கிய வெளியை இன்னோர் இடத்தில் உண்டாக்க முடியாது. எங்கள் குடியிருப்பை ஒட்டிய வெளியில் பெருமழைக்குக் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், மறுநாளே மண் குடித்துவிடும். அதன் ஓரத்தில் வீடுகள் வந்தபின் அதே தண்ணீர் எங்கள் தெருவுக்குள் நிற்கிறது.

போராடுவோர் முழக்கத்தோடு நின்றுவிடக் கூடாது; சட்டப்படி கோரச் சான்றும் திரட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் ஒரு நிலத்தை அப்பகுதி மக்கள் 20 ஆண்டுகள் யாரிடமும் அனுமதி கேட்காமல், வெளிப்படையாக, வலுக்கட்டாயமின்றி விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்தியிருந்தால், அதை ஊர்ப் பொதுவெளியாகப் பதிவுசெய்யக் கோர 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் கட்டுமான விண்ணப்பம் வெளியான பிறகு புதிதாக அப்படிக் கோர முடியாதபடி 2013-இல் கட்டுப்பாடு வந்துவிட்டது. எங்கும் இதுதான் சிக்கல்: அறிவிப்புப் பலகை நட்ட பிறகுதான் நமக்கு விழிப்பு வருகிறது. எனவே பழைய வரைபடம், புகைப்படம், பெரியவர்களின் எழுத்துபூர்வ வாக்குமூலம் ஆகியவற்றை இப்போதே திரட்ட வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளும் இத்தகைய வெளிகளின் பட்டியலை, விண்ணப்பம் வரும்வரை காத்திராமல், முன்கூட்டியே வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர்