செயலாளர் ஆண்டறிக்கை: சேத்துக்குள்ள போறதா, சுத்திப் போறதா

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் லீவு நாள்லயும் நேரம் ஒதுக்கி வந்திருக்குற உறுப்பினர்களுக்கும், முக்கியமா இந்த வருஷம் புதுசா சேந்த தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம். ஆண்டறிக்கைன்னா வழக்கமா எங்கெங்க டிரைவ் போனோம், யாரு வந்தாங்க, யாரு வண்டி எங்க சிக்குச்சு, யாரு வின்ச்சுங்கிற இழுவை மெஷின் போட்டு இழுத்தாங்கன்னு ஒரு பட்டியல் படிச்சு கைதட்டு வாங்கிட்டு உக்காந்துருவோம். அந்தப் பட்டியல் போட்டோவோட குரூப்புலயே கெடக்கு, அத திரும்பப் படிச்சு யாரையும் தூங்க வைக்கப் போறதில்ல. இந்த வருஷம் பூரா சங்கத்துல ஓடுன பேச்சு ஒண்ணே ஒண்ணுதான், ரோடு இல்லாத எடத்துல ஜீப்பு ஓட்டுற நாம மண்ணையும் காட்டையும் கெடுக்குறமா இல்லையா. அதனால இந்த அறிக்கையும் அதச் சுத்தியேதான் இருக்கும், பொறுத்துக்கங்க.

விஷயம் எப்படி ஆரம்பிச்சதுன்னா, நாம ரெகுலரா போற மேட்டு டிராக்க மொத்தமா மூடிறலாமான்னு ஒரு யோசனை வந்து, இயற்கை ஆர்வலருங்களும் நாமளும் ஒரே டேபிள்ல உக்கார வேண்டியதாச்சு. அவங்க பேசுனத விட கொண்டு வந்த போட்டோதான் நம்மாளுங்கள வாயடைக்க வச்சுது. ரெண்டு மேட்டுக்கு நடுவுல ஒரு பள்ளம், மழ பேஞ்சா தண்ணி நிக்கும், எல்லாருக்கும் தெரிஞ்ச எடம்தான். ஆதியில அந்த எடத்துல ஒரு வண்டி போற அகலத்துக்குத்தான் தடம் இருந்துச்சு. ஒருத்தரு சேறு பாத்து பயந்து இடது பக்கம் புல்லு மேல ஏத்திப் போயிருக்காரு, அடுத்த வாரத்துக்குள்ள அதுவும் சேறாயிருச்சு, அதுக்கடுத்து வந்தவரு இன்னும் கொஞ்சம் தள்ளி, அவருக்குப் பின்னாடி வந்தவரு அதுக்கும் தள்ளி, இப்ப மேல இருந்து பாத்தா நாலஞ்சு தடம் பின்னிப் பெணஞ்சு கெடக்கு, நடுவுல புல்லுன்னு ஒண்ணுமே இல்ல. இதுல கொடும என்னன்னா சேத்துக்குள்ள எறங்குனவங்களால ஆன சேதம் கம்மி, டீசன்டா சுத்திப் போனவங்களாலதான் பள்ளம் இந்த அகலத்துக்கு ஆயிருக்கு. முன்னெல்லாம் குறுக்க ஓடி மறு பக்கம் எறங்கிப் போயிட்டிருந்த தண்ணி இப்ப சக்கரத் தடத்தப் புடிச்சுக்கிட்டு நீள வாக்குல எறங்குது, சரிவு ஆரம்பிக்கிற எடத்துல முழங்கால் ஆழத்துக்கு அரிச்சு வச்சிருக்கு.

அந்த மீட்டிங் முடிஞ்சு வந்ததும் நம்ம குரூப் ரெண்டா ஒடஞ்சுச்சு, எல்லாரும் பாத்தீங்க. ஒரு பக்கம், மாடு மிதிக்கலயா, மழையே மண்ண அரிக்கலயா, மரம் ஏத்துற லாரி போறப்ப யாரும் கேக்கலயே, எங்க ஜீப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதான்னு. இன்னொரு பக்கம், இப்பிடியே போனா எல்லாத்தையும் மூடிருவாங்க, நாமளே மொதல்ல அடக்கி வாசிப்போம்னு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லி நழுவ எனக்கு இஷ்டமில்ல. லாரி விஷயம் நெசம், அந்த போட்டோல ரெண்டு மூணு தடம் நம்ம வண்டி அகலமே இல்ல, அத அங்கயே சொன்னோம், அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா அடுத்தவன் கெடுக்குறாங்கிறது நாம கெடுக்குறதுக்கு லைசன்ஸ் ஆகாதுல்ல.

மண்ணுக்கு என்ன ஆகுதுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பாதி சண்ட இது புரியாததுனாலதான். மண்ணு கெட்டியான பொருள் மாதிரி தெரிஞ்சாலும் அதுக்குள்ள நெறைய காத்தும் தண்ணியும் போற சந்து இருக்கு, வேரு மூச்சு விடுறது மழைத்தண்ணி உள்ள எறங்குறது எல்லாம் அந்தச் சந்து வழியாத்தான். டயரு ஏறுனா அது அமுங்குது. நம்மாளுங்க அடிக்கடி கேக்குற கேள்வி, நான் ஒரே ஒரு தடவதான போறேன் அதுல என்ன ஆயிரப் போகுதுன்னு. பிரச்சனையே அங்கதான், அமுங்குறதுல பெரும்பங்கு மொத சில ஓட்டத்துலயே நடந்து முடிஞ்சிருது, அதுக்கப்புறம் எத்தன வண்டி போனாலும் கூடுதலா ஆகுற சேதம் கொறஞ்சுக்கிட்டே வரும். அதாவது ஏற்கனவே செத்துப்போன தடத்துல நூறு வண்டி போறதும், புதுப் புல்லு மேல அஞ்சு வண்டி போறதும் ஒண்ணு கெடயாது, ரெண்டாவதுதான் மோசம். மண்ணு ஈரமா இருந்தா கேக்கவே வேணாம், காஞ்ச மண்ண விட ரொம்ப சுளுவா அமுங்கிரும், சக்கரம் சும்மா சுத்துனா மேல் மண்ண அப்பிடியே உரிச்செடுத்துரும்.

சரி, தானா ஆறிறாதான்னா, எடத்தப் பொறுத்தது. அமெரிக்காவுல மொஹாவி பாலைவனத்துல ரெண்டாம் உலகப்போர் சமயத்துல 1942ல இருந்து 1944 வரைக்கும் ஜெனரல் பேட்டன் ஆரம்பிச்ச பயிற்சி முகாம் நடந்துச்சு, அப்ப டேங்க் ஓடுன தடம் இன்னைக்கும் அங்க தெரியுது, எம்பது வருஷம் ஆச்சு. அந்த மாதிரி வறண்ட எடத்துல மண்ணு மேல கறுப்பா பொருபொருன்னு ஒரு ஏடு இருக்கும், பாத்தா சும்மா காஞ்ச மண்ணுன்னுதான் தோணும், ஆனா அது நீலப்பச்சைப் பாசி, பாசிச்செடி, பூஞ்சையும் பாசியும் ஒண்ணா வாழுற லைக்கன் எல்லாம் சேந்து பின்னி மண்ணக் காத்துல பறக்க விடாம புடிச்சு வச்சிருக்குற உயிருள்ள தோலு. ஒரு சக்கரம் ஏறுனா நொறுங்கிரும், பழையபடி வர பல பத்து வருஷம் ஆகும், சில எடத்துல நூறு வருஷத்துக்கும் மேல.

எனக்கு இந்த வருஷம் படிச்சதுலயே மறக்க முடியாதது ஒரு தவளை சமாச்சாரம். அதே அமெரிக்கப் பாலைவனத்துல மண்வெட்டிக்கால் தவளைன்னு ஒண்ணு இருக்கு, வருஷத்துல பெரும்பகுதி மண்ணுக்கடியிலயே பொதஞ்சு கெடக்கும், மழ பேயுற அதிர்வக் கேட்டாத்தான் மேல வந்து தேங்குன தண்ணில முட்ட போடும். ஆராய்ச்சியாளருங்க மோட்டார் பைக் சத்தத்த ரெக்கார்டு பண்ணி போட்டுக் காட்டிருக்காங்க, மழ வந்துருச்சுன்னு நெனச்சு மேல வந்துருச்சு. வெளிய தண்ணியும் இல்ல ஒண்ணும் இல்ல, வெயில்ல காய வேண்டியதுதான். தடம் பதியாத எடத்துலயும் நம்ம சத்தம் போயி ஒரு வேல பாக்குதுங்கிறது அதுவரைக்கும் என் மண்டைல ஏறவே இல்ல. எலெக்ட்ரிக் வண்டி வந்தா எல்லாம் தீந்துரும்னு நம்ம குரூப்புல ஒரு கோஷ்டி இருக்கு, சத்தம் கொறையும் ஒத்துக்குறேன், பேட்டரியோட வெயிட்டு கூடுமே, மண்ணுக்கு அத யாரு சொல்றது.

மத்த நாட்டுல என்ன பண்ணாங்கன்னு செயற்குழு கொஞ்சம் தேடிப் பாத்துச்சு. அமெரிக்காவுல 1972 பிப்ரவரி 8ம் தேதி ஜனாதிபதி நிக்சன் போட்ட 11644ங்கிற உத்தரவுதான் ஆரம்பம், அரசாங்க நெலத்துல எங்க வண்டி போலாம் எங்க போகக்கூடாதுன்னு பிரிங்க, மண்ணு, செடி, விலங்கு, மத்த ஜனங்களோட வர்ற மோதல் எல்லாத்தையும் பாத்துப் பிரிங்கன்னு. 1977ல ஜனாதிபதி கார்ட்டர் அத இன்னும் இறுக்குனாரு, சேதம் பெருசா தெரிஞ்சா உடனே மூடுங்கன்னு. 2005ல அவங்க வனத்துறை, மேப்ல குறிச்ச பாதையத் தவிர மத்ததெல்லாம் வண்டிக்கு மூடுனதுதான்னு விதி கொண்டு வந்துச்சு. ஐஸ்லாந்துல ரோடு இல்லாத எடத்துல ஓட்டுறதே சட்டவிரோதம், தரை உறைஞ்சு பனி மூடியிருக்கும்போது விலக்கு உண்டு, ஏன்னா அங்க பாசிச்செடி அவ்ளோ மெதுவா வளரும். இங்கிலாந்துல 2006ல வந்த சட்டத்துல பழைய மாட்டுவண்டிப் பாதைங்கள்ல மோட்டார் வண்டி போற உரிமை பெருமளவுல ஒரே அடியில போச்சு, ஒழுங்கா ஓட்டுனவனுக்கும் போச்சு ஒழுங்கில்லாம ஓட்டுனவனுக்கும் போச்சு. நம்மள யோசிக்க வச்சது தென்னாப்பிரிக்கா. 2001 கடைசில பீச்சுல பொழுதுபோக்குக்கு வண்டி ஓட்டுறத மொத்தமா தடை பண்ணாங்க, நம்மள மாதிரி சங்கங்க கோர்ட்டு வாசல் வரைக்கும் போய் கத்துனாங்க, ஆனா மணல்ல கூடு கட்டுற கறுப்பு ஆய்ஸ்டர்கேச்சர் பறவைங்க அதுக்கப்புறம் நல்லாப் பெருகுச்சு. அத வச்சுக்கிட்டு சேதமே இல்லன்னு எந்த மீட்டிங்ல போய் வாதாடுறது? பீச்சுல இன்னொரு விஷயம், டயரு போன பள்ளம் நமக்கு ஒரு பொருட்டே இல்ல, முட்டைல இருந்து வந்த கடலாமைக் குஞ்சுக்கு அது ஏற முடியாத சுவரு, கடலுக்குப் போக வேண்டியது அந்தத் தடத்துக்குள்ளயே நீளத்துக்கு நடந்து நடந்து சோந்துரும்.

அதுக்காக நாளைல இருந்து வண்டிய ஷெட்டுல போட்டு பூட்டுங்கன்னு நான் சொல்ல வரல, சொன்னா நீங்க கேக்கவும் மாட்டீங்க. நம்ம சங்கத்துலயே முட்டி தேஞ்சு நடக்க முடியாத பெரியவங்க இருக்காங்க, வண்டி இல்லன்னா அவங்களுக்கு அந்த மேட்டு மேல நின்னு பாக்குற பாக்கியமே கெடயாது. வெள்ளம் வந்தப்ப ஆளு போக முடியாத எடத்துக்கு மருந்தும் சாமானும் கொண்டு போனது நம்ம வண்டிங்கதான். இதெல்லாம் அந்த மீட்டிங்ல சொன்னோம், காது குடுத்துக் கேட்டாங்க.

செயற்குழு எடுத்த முடிவுங்களுக்கு வரேன். மழ பேஞ்சு மண்ணு காயுற வரைக்கும் சங்கத்துப் பேருல டிரைவ் கெடயாது, மண்ணக் கைல எடுத்து அமுக்குனா உருண்டையா நின்னா அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பு, அவ்ளோதான் டெஸ்ட்டு. இதுக்குத்தான் எதிர்ப்பு ஜாஸ்தி, மழைல ஓட்டுறதுலதான கிக்கே இருக்குன்னு சொல்லி சில பேரு கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டாங்க, நல்ல டிரைவருங்க, வருத்தம்தான், ஆனா முடிவு முடிவுதான். சேறு வந்தா சுத்திப் போகக் கூடாது, இருக்குற தடத்துல நேரா போ, முடியலன்னா ரிவர்ஸ் எடு. டிராக்குல எறங்குறதுக்கு முன்னாடி டயர்ல காத்த எறக்கணும், முப்பத்தஞ்சுல இருந்து ஒரு இருபது பிஎஸ்ஐக்குக் கொண்டு வந்தா டயரு தரையில படுற எடம் அகலமாகி அழுத்தம் கொறையும், டயருக்குள்ள என்ன பிரஷரோ கிட்டத்தட்ட அதே அளவுதான் தரைமேலயும் விழும். புடிமானம் நல்லா இருந்தா சக்கரம் வீணா சுத்தாது, ஆக்ஸிலேட்டர மிதிக்கவும் வேண்டி வராது, லோ ரேஞ்சுங்கிற மெதுவான கியருல நத்த மாதிரி போனா போதும். மொத்த வெயிட்டு அப்பிடியேதான் இருக்கும், அடி மண்ணு அமுங்குறது அதால கொறையாது, அதனால ரூஃப்ல ஏணி, பொட்டி, ரெண்டு ஸ்பேர் வீலுன்னு ஊர்வலம் போற தேர் மாதிரி ஜோடிச்சுட்டு வர்றவங்க கொஞ்சம் எறக்கி வச்சுட்டு வாங்க.

ஓடையத் தாண்டுறதுக்கு குறிச்ச எடம் ஒண்ணு மட்டும், நேரா மெதுவா போய் ஏறிரணும், நடுவுல நின்னு தண்ணி தெறிக்க வீடியோ எடுக்குற வேலையெல்லாம் வேணாம். கலங்குன வண்டல் கீழ போய் சரளைக் கல்லு இடுக்க அடைச்சுரும், அங்கதான் மீன் முட்ட மூச்சு விட்டுட்டு கெடக்கும். வின்ச் போடுறப்ப மரத்துக்கு அகலப் பட்டைதான் சுத்தணும், வெறும் கேபிள் சுத்துனா பட்ட உரிஞ்சு அந்த மரம் சாகும். அப்புறம் வண்டி கழுவுறது, இத எல்லாரும் சிரிச்சுட்டே கேட்டாங்க. ஆஸ்திரேலியாவோட மேற்குப் பக்கத்துல ஃபைட்டாப்தோராங்கிற நுண்ணுயிரி ஜாரா மரக்காடுங்கள வேரோட அழுக வச்சுட்டிருக்கு, அது ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போற முக்கியமான வழி வண்டில ஒட்டுன சேறு, அதனால அங்க காட்டுக்குள்ள போறப்பவும் வர்றப்பவும் சக்கரத்தக் கழுவுறது ஒரு விதி. களைச்செடி விதையும் அதே சேத்துலதான் டிக்கெட் எடுக்காம வரும். கெளம்புற எடத்துலயே ஒரு பிரஷ்ஷு போட்டு தேச்சுட்டு ஏறுனா போதும், பெரிய வேல இல்ல.

அந்தப் பின்னிக் கெடந்த பள்ளத்துல, அனுமதி வாங்கி நம்மாளுங்க போய் ரெண்டு கட்டமா வேல பாத்தாங்க. தள்ளித் தள்ளிப் போட்ட தடங்கள மரக்கட்டை, கல்லு போட்டு அடைச்சு பழைய ஒத்தத் தடத்த மட்டும் விட்டோம், சரிவுல தண்ணி நீளமா ஓடாம இருக்க சாய்வா குறுக்க மண்மேடு போட்டு பக்கத்துல திருப்பி விட்டோம். மம்புட்டி புடிச்ச கை கொப்புளிச்சுப் போச்சுன்னு புலம்புனவங்கதான் அடுத்த மழ விட்ட மறுநாளே போய் தண்ணி திரும்பி ஓடுறத வீடியோ எடுத்து குரூப்புல போட்டாங்க, இந்த வருஷம் அதிகமா லைக் வாங்குன வீடியோ அதான். அடைச்ச தடத்துல புல்லு இன்னும் வரல, ஒரு ஓரமா மட்டும் லேசா பச்ச தெரியுது. டிராக்க மூடுறதா வேணாமாங்கிற முடிவு இன்னும் தள்ளிதான் வச்சிருக்காங்க, மழைக்காலம் மட்டும் மூடி வைக்கலாமான்னு பேசிட்டிருக்காங்க, அதுக்கு சங்கம் சம்மதம்னு எழுதிக் குடுக்கலாமான்னுதான் இன்னைக்கு பொதுக்குழு முன்னாடி வைக்கிறோம்.

சங்கத்து பேஜ்ல சேறு தெறிக்கிற ரீல்ஸ் இனிமே போட வேணாம்னும் ஒரு தீர்மானம் இருக்கு, அத இளவட்டம் எதிர்க்கும்னு தெரியும், எதுத்துப் பேசுறதுக்கு நேரம் ஒதுக்கியிருக்கோம். வேலைக்கு மம்புட்டி, கடப்பாறை குடுத்து உதவுனவங்களுக்கும், கம்ப்ரசர் கொண்டு வந்து எல்லாருக்கும் காத்தடிச்சு விட்டவங்களுக்கும், மீட்டிங்ல நம்மள மரியாதையா பேசவிட்ட இயற்கை ஆர்வலர் நண்பர்களுக்கும் சங்கத்து சார்புல நன்றி. கணக்க பொருளாளர் படிப்பாரு. தீர்மானத்துல திருத்தம் சொல்றவங்க எழுதிக் கையெழுத்து போட்டு, கணக்கு படிச்சு முடியுறதுக்குள்ள துணைச் செயலாளர்கிட்ட குடுத்துருங்க.