மூன்று பைட்டும் ஒரு ஹெடர் ஃபைலும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனி நீ திரையில் மூக்கை உரசிக்கொண்டு படிக்க வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். மகள் கணினியே வேண்டாம் என்று தாவரவியலில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் ஒருவராவது வெயிலைப் பார்க்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பதில் தாமதமானதற்கு உன் கடைசி வரிதான் காரணம். "பைட்டுகளைக் கொடுக்கிறேன், எழுத்தாக மாற்றித் தா. ஒரு டிஸ்அசெம்ப்ளருக்கு இதற்கு மேல் என்ன இடைமுகம் வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்டிருந்தாய். இயந்திர பைட்டுகளை மனிதர் படிக்கும் கட்டளைகளாகப் பிரிக்கும் என் டிஸ்அசெம்ப்ளர் லைப்ரரியை நானும் அப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தேன். மற்றவர்கள் அதை எப்படி அழைக்க வேண்டும் என்று அறிவிக்கும் ஹெடர் ஃபைலை மூன்று முறை எழுதிக் கிழித்த பிறகு, உனக்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே பைட்டுகளைப் பிரிக்கும் வேலை கடினம்தான். ஆனால் அதற்குச் செயலி தயாரிப்பாளரின் கையேடு இருக்கிறது. தவறிருந்தால் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். ஹெடர் ஃபைல் அப்படியல்ல. நாலு பேர் அதை நம்பி நிரல் எழுதிவிட்டால் அதில் கைவைக்க முடியாது.

மூன்று பைட்டை எடுத்துக்கொள்வோம்: 48, 89, 03. எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறின் அடிமான எண்கள். எக்ஸ்86 செயலி 64 பிட் நிலையில் இருந்தால் இது ஒரே கட்டளை: ஆர்ஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) இருக்கும் 8 பைட்டை ஆர்பிஎக்ஸ் காட்டும் முகவரியில் எழுது. அதே மூன்று பைட் 32 பிட் நிலையில் இரண்டு கட்டளை. 48 என்பது இஏஎக்ஸ் ரிஜிஸ்டரில் ஒன்றைக் குறைக்கும். மிச்சம் இரண்டும் இஏஎக்ஸை இபிஎக்ஸ் காட்டும் இடத்தில் எழுதும். 16 பிட்டில் முகவரியே வேறு ரிஜிஸ்டர்களிலிருந்து வரும். ஆக, எந்த நிலை என்று சொல்லாமல் பைட்டை மட்டும் நீட்டினால் பதில் கிடையாது. என் முதல் வடிவத்தில் இந்த நிலையை நிரல் முழுவதற்கும் பொதுவான ஒரு குளோபல் மாறியில் வைத்திருந்தேன். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட்டில் ஒன்று 32 என்று மாற்ற, இன்னொன்று 64 பிட் நிரலைப் பிரித்துக்கொண்டிருக்க, விளைவை நீயே ஊகித்துக்கொள்.

இன்னொரு சங்கதி. பைட்டுகளை வெறும் சார் பாயிண்டராக, அதாவது சார் வகைத் தரவின் முகவரியாக, வாங்கினேன். சார் என்பதற்குப் பிளஸ், மைனஸ் குறி உண்டா இல்லையா என்பதை சி மொழி கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. குறி உண்டு என்று கொள்ளும் கம்பைலரில் நம் 89, மைனஸ் 119 ஆகிவிடும். அதை அட்டவணையின் வரிசை எண்ணாகப் போட்டால் அட்டவணைக்கு முன்னால் இருக்கும் எதையோ படிக்கும். இப்போது எல்லாம் குறியில்லாத 8 பிட் எண்கள்.

சரி, உன் எழுத்துக்கு வருகிறேன். முதல் வடிவம் நீ கேட்டபடியே ஒரு எழுத்துச் சரத்தைத் திருப்பித் தந்தது. சரம் எங்கே குடியிருந்தது? ஃபங்ஷனுக்குள், ஒவ்வொரு அழைப்பும் மேலெழுதும் ஒரே ஸ்டாட்டிக் பஃபரில். பழைய நிரலையும் திருத்திய நிரலையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டுப் பார்க்க, ஒரே பிரிண்ட்எஃப்பில் இரண்டு முறை அதை அழைத்தேன். இரண்டு பத்தியிலும் ஒரே கட்டளை. திருத்தம் வேலை செய்யவில்லை என்று நினைத்து அரைநாள் திருத்தத்தைக் குடைந்தேன். ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் நேரத்தை எழுத்தாக்கும் சிடைம் ஃபங்ஷனில் இதே பள்ளம் இருக்கிறது என்று உனக்குப் பாடம் எடுத்தவன் நான்!

இடம்கூடப் பரவாயில்லை, எழுத்தே தவறான பதில். நிரல்களில் பிழை தேடும் உன் டீபக்கருக்கு வேண்டியது "இந்தக் கட்டளை நினைவகத்தில் எழுதுமா?" என்பதுதான். சரம் மட்டும் கிடைத்தால் நீ என்ன செய்வாய்? நினைவக முகவரியைக் குறிக்கும் சதுர அடைப்புக்குறி இருக்கிறதா என்று தேடுவாய். லியா கட்டளையில் அடைப்புக்குறி இருக்கும். ஆனால் அது முகவரியைக் கணக்கிடுவதோடு சரி, நினைவகத்தைத் தொடாது. புஷ் ஆர்பிஎக்ஸ் என்ற வரியில் அடைப்புக்குறியே இருக்காது. அதுவோ நினைவகத்தின் ஸ்டாக் என்ற அடுக்கில் 8 பைட் எழுதிவிட்டு, அதன் உச்சியைக் காட்டும் ஆர்எஸ்பியையும் நகர்த்தும். போதாததற்கு, கட்டளைகளை எழுதும் இன்னொரு மரபான ஏடி அண்ட் டி முறையில் எழுதினால் மூலமும் இலக்கும் இடம் மாறி நிற்கும், அடைப்புக்குறியும் வேறு வடிவம். பிரித்து வைத்த விவரத்தை எழுத்தாக்கி, அந்த எழுத்தை நீ மறுபடி பிரித்து... அரைத்த மாவையே எத்தனை முறை அரைப்பது?

ஜிஎன்யு பின்யூட்டில்ஸ் கருவித் தொகுப்பில் இருக்கும் லிப்ஆப்கோட்ஸ் லைப்ரரி நெடுங்காலமாக எழுத்தைத்தான் தருகிறது. பிரிண்ட்எஃப் போன்ற ஒரு ஃபங்ஷனை நாம் கொடுத்தால் துண்டு துண்டாக அதில் கொட்டும். கட்டளைகளைப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியின் திரைக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். உன் டீபக்கருக்குப் போதாது.

அதனால் இப்போது பிரிப்பது ஒரு ஃபங்ஷன், எழுத்தாக்குவது வேறு ஃபங்ஷன். பிரிப்பவர் பல புலங்கள் கொண்ட ஒரு ஸ்ட்ரக்டை நிரப்புவார்: கட்டளையின் எண், நீளம், ஒவ்வொரு ஆபரண்டின் (கட்டளை கையாளும் மதிப்பு அல்லது இடம்) வகை, அளவு, அது படிக்கப்படுகிறதா எழுதப்படுகிறதா. புஷ்ஷின் ஆர்எஸ்பி போல வெளியே தெரியாத ஆபரண்டுகளும் தனி அடையாளத்தோடு அதில் வரும். எழுத்து வேண்டாதவர் இரண்டாவது ஃபங்ஷன் பக்கமே போக வேண்டாம். அது எஸ்என்பிரிண்ட்எஃப் போலவே நடக்கும்: பஃபர் உன்னுடையது, இடம் போதாவிட்டால் எவ்வளவு வேண்டும் என்று திருப்பிச் சொல்லும்.

இந்த ஸ்ட்ரக்ட் யாருடைய இடத்தில் இருப்பது என்பதில்தான் இரண்டாவது வடிவம் கவிழ்ந்தது. 2013இல் வெளிவந்த கேப்ஸ்டோன் என்ற டிஸ்அசெம்ப்ளர் லைப்ரரியை நீ பயன்படுத்தியிருக்கிறாய். அதன் முதன்மை ஃபங்ஷன் கட்டளைகளின் வரிசை முழுவதையும் தானே ஒதுக்கித் தரும். வேலை முடிந்ததும் அதற்கென்று இருக்கும் ஃபங்ஷனால் விடுவிக்க வேண்டும். நூறு கட்டளைக்கு அது சுகம். நானும் அதைப் பார்த்தே எழுதினேன். பெரிய நிரல் ஒன்றைக் கொடுத்தபோது, பிரிக்கும் நேரத்தைவிட நினைவகத்தை ஒதுக்கும் எம்அலாக்குக்கும் விடுவிக்கும் ஃப்ரீக்கும் போன நேரம் அதிகம். கேப்ஸ்டோன்காரர்களே பிறகு ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நிரப்புவது என்று இன்னொரு வழியும் வைத்தார்கள். ஸைடிஸ் என்ற லைப்ரரி எம்அலாக்கையே தொடுவதில்லை. நானும் இப்போது அந்தக் கட்சி. எந்த நிலை என்பது போன்ற அமைப்பு விவரம் ஒரு சிறு ஸ்ட்ரக்ட், நான் மாற்ற முடியாத கான்ஸ்ட் பாயிண்டராக வரும். விடை உன் ஸ்ட்ரக்டில் விழும். என்னிடம் எதுவும் தங்காது. எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்ட்ரக்ட் உன் அடுக்கில் இருக்கிறது. அடுத்த வருடம் நான் அதில் ஒரு புலத்தைச் சேர்த்து லைப்ரரியை மட்டும் மாற்றினால், நீ ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதி உன் அடுக்கைக் கெடுத்துவிடுவேன். அதனால் நீ உன் ஸ்ட்ரக்டின் அளவான சைஸ்ஆஃபையும் சேர்த்து அனுப்ப வேண்டும்; அதைத் தாண்டி எழுத மாட்டேன். லினக்ஸ் கர்னலில், செயல்திறனை அளக்கும் பெர்ஃப் நிகழ்வுகளைத் திறக்கும் அழைப்பும் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே ஒரு அளவுப் புலம் வைத்திருக்கிறது. அழகாக இல்லைதான், ஆனால் தூங்கவிடுகிறது. கட்டளை எண்களை அகர வரிசையில் அடுக்கியிருந்ததும் இதே வகைத் தவறு. நடுவில் ஒரு புதுக் கட்டளை நுழைந்ததும் அதற்குப் பிறகு வந்த அத்தனை எண்ணும் ஒன்று தள்ளிப்போயின. இப்போது புதியது எப்போதும் கடைசியில்தான்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது பிழையோடு. உன்னிடம் 48, 89 இரண்டு மட்டும் இருக்கின்றன. மூன்றாவது அடுத்த நினைவகப் பக்கத்தில் இருக்கிறது, இன்னும் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். இது தவறான கட்டளையா? இல்லை, முடியாத கட்டளை. 06 என்ற பைட் 64 பிட்டில் தவறு. எத்தனை பைட் சேர்த்தாலும் தவறுதான். என் பழைய ஃபங்ஷன் இரண்டுக்கும் 0 என்றே பதில் சொன்னது. அழைத்தவர் அந்த நீளத்தைப் பாயிண்டரோடு கூட்டிக்கொண்டே போனார். பூஜ்யத்தைக் கூட்டினால் எங்கே போவது? நிரல் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது பதில் மூன்று வகை: சரி, தவறு, போதவில்லை. நீளம் தனிப் புலம். "தவறு" என்றால் அந்தப் புலத்தில் எத்தனை பைட் தாண்டலாம் என்று இருக்கும்: எக்ஸ்86இல் 1, எல்லாக் கட்டளையும் 4 பைட்டாக இருக்கும் 64 பிட் ஆர்ம் செயலியில் 4. "போதவில்லை" என்றால் நீ இன்னும் கொண்டுவர வேண்டும். எக்ஸ்86 கட்டளை 15 பைட்டைத் தாண்டாது என்பதால் இந்த இழுபறிக்கும் ஒரு முடிவு உண்டு.

இதைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். சரியான எந்தக் கட்டளையையும் வாலில் வெட்டிக் கொடுத்தால் "போதவில்லை" என்று மட்டுமே பதில் வர வேண்டும். அடுத்தடுத்து இரண்டு நினைவகப் பக்கம் வாங்கி, இரண்டாவதைப் படிக்கத் தடைபோட்டு, வெட்டிய பைட்டுகளை முதல் பக்கத்தின் கடைசி விளிம்பில் ஒட்டி வைத்தேன். ஒரு பைட் எட்டிப் படித்தாலும் நிரல் அங்கேயே விழும். முதல் நாளே விழுந்தது. 48 89 43 08 என்று முகவரியோடு 8ஐக் கூட்டும் வடிவத்தில், அந்த 08 கையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அதைப் படித்திருக்கிறேன்.

தாவும் கட்டளைகளுக்கு முகவரியையும் நீ தர வேண்டும். ஹெக்ஸில் 1000 என்ற இடத்தில் 5 பைட் கால் (call) கட்டளை, தூரம் 20 என்றால் இலக்கு 1020 அல்ல, 1025. தூரம் கட்டளையின் முடிவிலிருந்து எண்ணப்படுகிறது. அந்த 1025க்குப் பெயர் இருந்தால் பெயரை அச்சிட, நீ ஒரு கால்பேக், அதாவது நான் திரும்ப அழைக்கும் உன் ஃபங்ஷன், தரலாம். உன் சொந்தப் பாயிண்டர் ஒன்றையும் கூட அனுப்பு, அதைத் தொடாமல் உன்னிடமே திருப்பித் தருவேன். சி தரநிலையில் வரிசைப்படுத்தும் கியூசார்ட் ஃபங்ஷன் இந்தச் சிறு மரியாதையைச் செய்யாததால் எத்தனை பேர் குளோபல் மாறி வைத்துச் சமாளித்தோம்!

நீ கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் முடியாது என்கிறேன். ஃபங்ஷன் எங்கே தொடங்குகிறது, எது நிரல் எது தரவு என்று என் லைப்ரரி சொல்லாது. அது ஊகம். நேராகப் போனால் தரவையும் கட்டளை என்று படிக்கும்; தாவல்களைப் பின்தொடர்ந்தால் ரிஜிஸ்டர் வழியாகத் தாவும் இடத்தில் முட்டி நிற்கும். எந்த ஊகம் சரி என்பது உன் டீபக்கருக்குத்தான் தெரியும். என்னைக் கோபிக்காதே.

ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. வெளியே தெரியாத ஆபரண்டுகளை எப்போதும் நிரப்புவதா, கேட்டால் மட்டும் நிரப்புவதா? எப்போதும் நிரப்பினால் வேகம் கொஞ்சம் குறைகிறது. கேட்டால் மட்டும் என்றால் கேட்க மறந்தவர் புஷ் எதையும் எழுதவில்லை என்று நம்பிவிடுவார். நான் முதல் பக்கம் சாய்கிறேன். ஹெடர் ஃபைலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், 190 வரி. டாக்டர் அனுமதித்த பிறகு, என் விளக்கக் குறிப்புகளைப் படிக்காமல் உன் பழைய டீபக்கரோடு அதை இணைத்துப் பார். எந்த வரியில் கை தயங்குகிறதோ அந்த வரியின் எண்ணை மட்டும் எழுது, காரணம் வேண்டாம்.

சொட்டு மருந்தை மறக்காதே. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்