கோமதிக்கு, சேகர் விஷயமாக

அன்புள்ள கோமதி,

நலம்தானே? உன் இடுப்பு வலி, மாமியாரின் கண் ஆபரேஷன் எல்லாம் ராஜி சொல்லிவிட்டாள். இங்கே மழை, ஆளாளுக்கு இருமல். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சேகருக்கு டிப்ரஷன். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள்.

நம்ம சேகர்தான்டி, உன் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு ஓடுவானே, அவனேதான். அப்பா போனார், துக்கம் ஆறுவதற்குள் வேலை போனது, வீட்டுக் கடன் தவணை வேறு. அன்றைக்குக் காபி கொடுத்தால், ஆடை படிந்து ஆறிப்போகும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். குடிடா என்றால் "ம்" என்கிறான், அவ்வளவுதான்.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா மடியிலிருந்த ஃபைலை நேராக்கிக்கொண்டே, "அப்படி யாரும் இல்லை" என்றாள். சின்னத் தாத்தா விஷயம்தான் உனக்குத் தெரியுமே. நான் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் அம்மா வாயே திறக்கவில்லை. இறங்கும்போது மட்டும், "நாளைக்கு அவன் பிள்ளைகளையும் இப்படித்தானே சொல்வார்கள்" என்றாள்.

எனக்கு உடனே உன் ஞாபகம். உன் அம்மாவைப் பற்றிப் பேசும்போது, "ரத்தத்திலேயே இருக்கு, என்றைக்காவது எனக்கும்தான்" என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதனால்தான் தேடித்தேடிப் படித்தேன். பொறுமையாகப் படி, வழக்கம்போலப் பாதியில் உன் மகளிடம் தள்ளிவிட்டு "நீயே படிச்சு சொல்லு" என்று சொல்லாதே.

நியூசிலாந்தில் டுனெடின் என்கிற ஊரில் பிறந்த பிள்ளைகளைப் பல வருடமாகக் கவனித்துவரும் ஓர் ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து 2003-ல் ஒரு கட்டுரை வந்தது. மூளையில் சேதி கடத்தும் செரட்டோனின் என்கிற ரசாயனம் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் குட்டை வடிவம், நீள வடிவம் என்று உண்டாம், குட்டை வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கையில் அடி விழும்போது மற்றவர்களைவிடச் சுலபமாக டிப்ரஷனில் விழுகிறார்கள் என்றார்கள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2009-ல் 14 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்த மரபணுவின் பங்கு தெரியவே இல்லை. பட்ட அடிகளின் பங்குதான் தெரிந்தது. 2019-ல் லட்சக்கணக்கானவர்களின் தகவலை வைத்து, இப்படிப் பேர் வாங்கின 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட அவை ஒன்றும் ஒசத்தி இல்லை. அதே வருடம் எட்டு லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்த இன்னொரு ஆய்வில் டிப்ரஷனோடு தொடர்புள்ள 102 மரபணு மாறுபாடுகள் கிடைத்தன, ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. ஆக, டிப்ரஷனுக்கென்று ஒற்றை மரபணு யார் ரத்தத்திலும் உட்கார்ந்திருக்கவில்லை.

அதற்காகப் பரம்பரையே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து, மரபின் பங்கு சுமார் 37 சதவீதம் என்கிறார்கள். நீ உடனே உனக்கு 37 சதவீதம் வரும் என்று கணக்குப் போடுவாய், தெரியும். அது அப்படி இல்லை. ஊரில் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்கிற வித்தியாசத்தில் மரபுக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் அந்த எண், கோமதி என்கிற ஒருத்திக்கு என்ன ஆகும் என்பது அதில் இல்லை.

எனக்குத் தெளிவு வந்தது 1995-ல் வந்த ஒரு கட்டுரையில்தான், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இரட்டைப் பிறவிப் பெண்களை வைத்துச் செய்தது. மரபில் ஆபத்து மிகக் குறைவான பெண்களுக்குச் அடி எதுவும் விழாத ஒரு மாதத்தில் டிப்ரஷன் தொடங்கும் வாய்ப்பு 0.5 சதவீதம், பெரிய அடி விழுந்த மாதத்தில் 6.2. ஆபத்து மிக அதிகமானவர்களுக்கு 1.1, அடி விழுந்தால் 14.6. நாலு எண்களையும் நோட்டில் எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆபத்து அதிகமுள்ளவர்களிலும், அடி விழுந்த மாதத்திலேயே, நூற்றுக்கு 85 பேருக்கு வரவில்லை. ஆபத்து குறைவானவளுக்கும் அடி பலமாக விழுந்தால் வருகிறது. அப்புறம் எந்த வாயால் "மனதைரியம் இல்லை" என்று சேகரைப் பேசுகிறார்கள்? அத்தை அப்படித்தான் பேசிவிட்டுப் போனாள், அவன் காதுபட.

உன்னைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மரபை நீயும் நானும் மாற்ற முடியாது. ஆனால் ராத்திரி தூக்கமில்லாமல் மாமியாருக்குச் சொட்டு மருந்து போடுவது, உன் வீட்டுக்காரர் துபாயில், பெண்ணுக்குப் பரீட்சை, எல்லாம் உன் ஒருத்தி தலையிலா? உன் நாத்தனாரை வாரத்தில் பாதி நாள் வந்து இருக்கச் சொல். இடுப்புக்குப் பார்க்கும் டாக்டரிடமே உன் அம்மா கதையையும் சொல்லி வை, உன் தம்பி பிறந்தபோது அம்மாவைக் கோயில் கோயிலாக அழைத்துப்போனார்களே, அது உட்பட. ரெண்டு வாரம் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் கெட்டுப் போனால் காத்திருக்காதே. ராத்திரி என்றாலும் 14416 என்கிற மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள். என்னையும் எழுப்பு.

சேகரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "சைக்கிள் கோமதியா" என்றான், அவனாகவே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனுக்குப் போன் போடு, உடம்பைப் பற்றிக் கேட்காதே, வேறு எதையாவது பேசு. எடுக்காவிட்டால் மறுநாளும் போடு.

உன்,
கல்யாணி