ஆறிக் கிடக்கும் குழல் எது?

தக்கலை,
மார்கழி மாதம்.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய காணொளியை மூன்று முறை கேட்டேன். பார்த்தேன் என்று எழுதாமல் கேட்டேன் என்று எழுதுவதற்குக் காரணம், எனக்கு வேண்டியிருந்தது ஸ்டார்ட் ஆக மறுக்கும் உன் மோட்டார் சைக்கிளின் சத்தம் மட்டுமே. ஸ்டார்ட்டர் முனகி முனகிச் சுற்றுவதும், பிறகு எஞ்சின் அரைமனத்தோடு பிடித்து, இரண்டு சிலிண்டரில் மட்டும் ஓடுவதுபோல் தடதடத்துவிட்டு நின்றுபோவதும் தெளிவாகக் கேட்டன. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் நான்கு கார்புரேட்டரையும் மாற்றிவிடச் சொல்லி அங்குள்ள நண்பர் ஒருவர் ஆலோசனை கூறியதாக எழுதியிருக்கிறாய். அதற்குப் பணம் அனுப்பும் முன் இக்கடிதத்தை முழுவதும் படித்துவிடு.

1972ஆம் ஆண்டு ஹோண்டா சிபி 750 எனக்குப் புதிய வண்டி அல்ல. பஹ்ரைனில் வேலை பார்த்த காலத்தில், ஒரு ஜனவரி மாதக் காலையில், இதே வண்டி இதே குறையோடு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. நான் எடுத்த எடுப்பிலேயே நான்கு கார்புரேட்டரையும் இறக்கிப் பிரித்து, கழுவி, ஊதி, திரும்ப மாட்டினேன். இரண்டு நாள் கழிந்தது. குறை அப்படியே இருந்தது. பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்சான பாயிண்ட்டில், கேம் உராயும் கட்டை தேய்ந்து இடைவெளி ஏறக்குறைய மூடிக்கிடந்ததை மூன்றாம் நாள்தான் கண்டேன். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்துச் சரிசெய்யக் கால் மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. அன்றுபட்ட வெட்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உன் வண்டியின் பற்றவைப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று முதலில் புரிந்துகொள். சிலிண்டர் நான்கானாலும், பிளக்கில் பொறி விழ உயர் மின்னழுத்தம் தரும் காயில் இரண்டுதான், பாயிண்ட்டும் இரண்டு ஜோடிதான். நீ வண்டியில் உட்கார்ந்த நிலையில் இடப்பக்கத்திலிருந்து எண்ணினால், இரு ஓரங்களிலும் உள்ள ஒன்றுக்கும் நான்குக்கும் ஒரு காயில். நடுவிலுள்ள இரண்டுக்கும் மூன்றுக்கும் மற்றொரு காயில். ஆகையால் எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று தெரிந்தால், குறை எங்கே என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். எஞ்சின் அரை நிமிடமாவது ஓடி நின்றதும், நான்கு புகைக்குழல்களிலும் எஞ்சினை ஒட்டிய இடத்தில் சில துளித் தண்ணீர் தெளித்துப் பார். எரிந்த சிலிண்டரின் குழலில் தண்ணீர் சுரீரென்று ஆவியாகும். எரியாததன் குழலில் சும்மா வழிந்து இறங்கும். கையால் தொட்டுப் பார்க்காதே. ஒன்றும் நான்கும் சேர்ந்து ஆறிக்கிடந்தால், அவற்றுக்குப் பொதுவான பாயிண்ட், அந்தப் பாயிண்ட் கருகாமல் காக்கும் கன்டென்சர், காயில் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. இரண்டும் மூன்றுமானால் அடுத்த ஜோடி. ஒரே ஒரு குழல் மட்டும் ஆறியிருந்தால்தான் அதன் பிளக்கையும், பிளக் தொப்பியையும், அதன்பின் அந்த ஒரு கார்புரேட்டரையும் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் கொஞ்சமும் பிடிக்காமல் நான்கும் ஆறியிருந்தால் பேட்டரியும் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

பாயிண்ட் மூடி எஞ்சினின் வலப்பக்கத்தில் வட்டமாக இருக்கும். அதைக் கழற்றி, வெள்ளைத் தாள் ஒன்றைப் பாயிண்ட்டுக்கு இடையில் விட்டு இழுத்துப் பார். கறுப்பாக வந்தால் அழுக்கும் எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிளக்குக்கு 0.6 முதல் 0.7. இடைவெளியை மாற்றினால் பொறி விழும் நேரமான டைமிங்கும் மாறும் என்பதால் அதையும் சேர்த்தே பார்.

ஈரத்தைப் பற்றி நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆடிச் சாரலில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் என் யெஸ்டி மோட்டார் சைக்கிளைக் கடன் வாங்கிப் போய், பிளக் நனைந்து தள்ளிக்கொண்டே திரும்பி வந்ததை நீயே பார்த்திருக்கிறாய். (அதன் இரண்டு சைலன்சரைப் பார்த்து இரண்டு சிலிண்டர் என்று பந்தயம் கட்டித் தோற்ற உன் மாமாவை இன்னும் கேலி செய்கிறோம்.) ஆனால் நீ இருக்கும் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஈரத்தோடு குளிரும் சேர்ந்துகொள்கிறது, அங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் உதவாது. குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே படிந்துவிடும். அதை ஈடுகட்ட, கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவதே சோக். கார்புரேட்டர்களின் இடது ஓரத்திலுள்ள நெம்புகோலை முழுவதும் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய். அதை முன்கூட்டியே முறுக்கினால் பெட்ரோல் பீய்ச்சும் என்பது உன் வண்டிக்குப் பொருந்தாது. அப்படிப் பீய்ச்சும் பம்பு பின்னால் வந்த மாடல்களில்தான் சேர்ந்தது. எஞ்சின் பிடித்ததும் சோக்கைச் சிறிது சிறிதாக எடுத்துவிடு. மறந்துவிட்டால் பிளக் கறுத்து நனைந்து, மறுநாள் காலையில் வேறொரு குறைபோலத் தோன்றும்.

பேட்டரியைச் சும்மா அளந்து 12 வோல்ட் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது போதாது. ஸ்டார்ட்டரை அழுத்தியிருக்கும்போது அள. குளிரில் பேட்டரியின் பலம் குறைகிறது. எண்ணெய் கெட்டியாவதால் ஸ்டார்ட்டர் அதிகம் இழுக்கிறது. மிஞ்சிய கொஞ்சத்தில் காயிலுக்குப் போதுமான மின்சாரம் போவதில்லை. மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுக் கிக்கரை உதை. கிக்கரில் உடனே பிடித்தால் குற்றவாளி பேட்டரியே. இங்கே நான் ஊற்றும் கெட்டியான 20டபிள்யூ-50 எண்ணெயை அங்கே ஊற்றியிருந்தால் மாற்றி, குளிரில் அதைவிட இளக்கமாக ஓடும் 10டபிள்யூ-40 ஊற்று.

வால்வு இடைவெளியை எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது பார்: கலவையை உள்ளே விடும் வால்வுக்கு 0.05, புகையை வெளியே விடும் வால்வுக்கு 0.08 மில்லிமீட்டர்.

இத்தனையும் சரியாக இருந்து, சோக் போட்டால் மட்டுமே ஓடி, எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால், அப்போது கார்புரேட்டரைப் பற்றிப் பேசலாம். வாரக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் அடைத்துக்கொள்வது, மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். ஆகவே கார்புரேட்டர்களின் அடிக் கிண்ணங்களில் தேங்கியதை வடித்துவிட்டு, எத்தனால் குறைந்த வகையை ஊற்றிப் பார்.

ஷெட்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே எஞ்சினை ஓட்ட வேண்டும் என்று அம்மை மூன்று தடவை சொல்லிவிட்டாள், அதையும் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டு, எந்தெந்தக் குழல் ஆறியிருந்தது என்று எண்களோடு எழுது. அதுவரை கார்புரேட்டரில் ஸ்க்ரூடிரைவர் வைக்காதே, மக்களே.

அன்புடன்,
அப்பா