கிளுவை வேலியில் ஒரு தேவாங்கு

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, நேரம் பார்த்துச் சொட்டு மருந்து போடுவதிலேயே நாள் ஓடிவிட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறதாம். காலையில் நாள்காட்டியை அவரே கிழித்து ராசிபலன் வாசிக்கிறார்.

மெதுவாக நகரும் விலங்குகளைப் பற்றி உன் மகள் வகுப்பில் பேசப்போகிறாள், ஆமை, நத்தை, ஸ்லாத் மூன்றும் கிடைத்துவிட்டன, இன்னொன்று சொல் என்று எழுதியிருந்தாய். தேவாங்கு திரிகிற நம் அய்யலூர்க்காரன் உனக்குமா அது மறந்துபோயிற்று? கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

போன சனிக்கிழமை இராத்திரி மாமா தோட்டத்தில் ஒன்றைப் பார்த்தேன். வெள்ளை வெளிச்சம் அதற்குக் கண் கூசும் என்பதால் டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு போனேன். கிளுவை வேலியில் கங்கு மாதிரி இரண்டு கண்கள். முதலில் ஒரு கையை எடுத்து அடுத்த குச்சியைப் பிடித்தது. பிடி உறுதியான பிறகுதான் கால் நகர்ந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. ஒரு முழம் தள்ளி ஒரு வெட்டுக்கிளி. அந்த ஒரு முழத்தை அது கடப்பதற்குள் எனக்குக் கழுத்து வலித்துவிட்டது. கிட்டப் போனதும் பின்னங்கால்களால் குச்சியைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் சட்டென்று நீட்டியது பார், என்ன வேகம்! அப்புறம் கறுக் கறுக்கென்று மெல்லும் சத்தம்.

இதை உன் மகளிடம் அவசியம் சொல். ஸ்லாத் இலை தின்று வாழ்கிறது. அதில் கிடைக்கும் சக்தி கொஞ்சம், அதனால் அது மெதுவாகப் போகிறது. தேவாங்கு பூச்சிகளை வேட்டையாடுகிற விலங்கு. சத்தமில்லாமல் போனால்தான் இரை கிடைக்கும், ஆந்தை கண்ணிலும் படாமல் தப்பிக்கலாம். கால் கிலோ எடைதான் இருக்கும். வால் கிடையாது. குரங்கு மாதிரி தாவ வராது. ஆபத்து என்று தெரிந்தால் இருந்த இடத்தில் அப்படியே உறைந்துவிடும், மணிக்கணக்கில் பிடியை விடாது. தாய் தன் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போய், விடிவதற்குள் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும்.

மரத்தில் அதைக் காப்பாற்றுகிற, மெதுவாகப் போய் உறைந்து நிற்கிற அந்தக் குணமே தார்ச்சாலையில் எமனாகிவிடுகிறது. கிளைக்குக் கிளை தொட்டுக்கொண்டிருந்தால் அது தரைக்கே வர வேண்டியதில்லை. நடுவில் இடைவெளி விழுந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். போன மாதம் நான்குவழிச் சாலை ஓரத்தில் அடிபட்டுக் கிடந்த ஒன்றைப் பார்த்தேன். விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல மடங்கியே இருந்தன. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் இதுதான். ஆனால் தேவாங்குக்கு எல்லைக்கல் தெரியுமா? தோட்டத்து வேலியும் ஓடைக்கரை உடைமரமும் அதற்குக் காடுதான். வேலமரத்துப் பிசினையும் அது தின்னும்.

நம் வகுப்பில் ஒல்லியாக இருந்த பையனைத் தேவாங்கு என்றே கூப்பிட்டோமே, நினைவிருக்கிறதா? திருவிழாவில் அந்த விலங்கைக் கூண்டில் வைத்து மந்திரித்த கயிறு விற்றவரிடம் நாமும் காசு கொடுத்து வாங்கினோம். பகல் வெயிலில் அது முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சுருண்டிருந்ததை இப்போது நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

மாமா கிளுவையை வெட்டிவிட்டு, கல்கால் நட்டுக் கம்பி வேலி போடுவதாக இருந்தார். மறுநாள் இராத்திரி அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, மேற்குப் பக்கத்து வேலி மட்டும் அப்படியே கிடக்கட்டும் என்றார். மற்ற மூன்று பக்கத்துக்கும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பொங்கல் லீவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வா. மாமா தோட்டத்திலேயே தங்கலாம். பனிக்கு அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வை.

அன்புடன்,
முருகேசன்