ஃப்ரை என்று போட்டிருந்தால்

அன்புள்ள கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய ஆங்கிலச் சமையல் குறிப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயத்தை ஃப்ரை செய், கடுகை ஃப்ரை செய், கோழியை டீப் ஃப்ரை செய் என்று மூன்று இடத்திலும் ஃப்ரை என்றே எழுதியிருக்கிறதே, எண்ணெய் எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான்.

அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைக்காதே. அதற்கு அடுத்து 'அன்டில்', அதாவது 'அதுவரை' என்று வரும் பார், அங்கேதான் பதம் இருக்கிறது. 'டிரான்ஸ்லூசன்ட்' என்றால் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும்வரை இரண்டு ஸ்பூன் எண்ணெயில் வதக்கு. 'பாப்' என்றால் கடுகு வெடிக்கவேண்டும், அது தாளிப்பு. 'டிரை ஃப்ரை' என்றால் எண்ணெயே கூடாது, வெறும் வாணலியில் வறு. 'ஸ்டர் ஃப்ரை' சீனச் சமையல். 1945-இல் புவேய் யாங் சாவ் என்ற சீனப் பெண்மணியின் பெயரில் ஆங்கிலத்தில் வந்த சமையல் புத்தகத்தால் பரவிய சொல். தீ நன்றாக எரியும், கை ஓயாமல் கிளறவேண்டும். அதனால் காயெல்லாம் முதலிலேயே நறுக்கி வைத்துக்கொள்.

கோழிக்கு 'டீப் ஃப்ரை', அதாவது எண்ணெயில் முக்கிப் பொரிக்கச் சொல்லிப் போட்டிருக்கிறான். எனக்குக் கவலை அதில்தான். எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கவேண்டும். துளி மாவைப் போட்டுப் பார், உடனே மேலே எழும்பினால் சரி. நாம் பார்க்கிற நுரையெல்லாம் துண்டுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே வருவதுதான். அந்த ஆவி வேகமாக வந்துகொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே அவ்வளவாகப் போகாது. ஒரேயடியாக எல்லாத் துண்டையும் போட்டால் சூடு இறங்கி, கோழி எண்ணெய் குடித்துவிடும். நாலைந்தாகப் போடு. சலசலப்பு அடங்க ஆரம்பித்ததும் பெரிய துண்டு ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு எடு. ஈரம் போகத் துடைக்காமல் எதையும் எண்ணெயில் போடாதே கண்ணு, முகத்தில் தெறிக்கும்.

சட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் வேண்டாம். புகை வந்தால் உடனே அடுப்பை நிறுத்து. தீப்பிடித்தால் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை மேலே வாரி இறைக்கும். சட்டியைத் தூக்கிக்கொண்டும் ஓடாதே. கைக்கு எட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து உங்கள் ஊர் அவசர எண் 999-க்குப் போன் செய். சாமான் போனால் போகட்டும்.

மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் கொட்டாதே. 2017-இல் உங்கள் லண்டனில், ஒயிட்சேப்பல் சாக்கடையில் இப்படிக் கொட்டிய கொழுப்பும் துடைக்கும் தாளும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் கல்லாக அடைத்துக்கொண்டது. ஆறவிட்டு பாட்டிலில் ஊற்றி மூடி, குப்பையில் போடு.

கோழிக்கு மிளகாய்த்தூள் போதாது என்கிறாள் அம்மா, இன்னும் ஒரு ஸ்பூன் சேர்த்துக்கொள். செய்ததும் போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அப்பா