சிறுகோளின் அளவைச் சொன்னீர்கள், பிறந்த இடத்தைச் சொல்லவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூமியை நெருங்கும் சிறுகோள் ஒன்றைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், அது எத்தனை பேருந்துகளின் நீளம் என்பது வரை இருந்தது. ஆனால் அது எந்தக் கனிமங்களால் ஆனது, எங்கிருந்து கிளம்பி வந்தது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. தலைப்பில் ‘விண்கல்’ என்று வேறு போட்டிருந்தீர்கள். தரையில் வந்து விழுந்தால்தான் அது விண்கல்.

எங்கள் தேவனாம்பட்டினக் கரையில், மழைக்காலம் முடிந்து கடல் அடங்கிய பிறகு, மணலில் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கும். காந்தத்தைத் துணியில் சுற்றி அதன்மேல் ஓட்டினால் கறுப்பு மணிகள் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட மணிகளை ஆராய்ந்து, ஆறு எந்தப் பாறையை அரைத்து இறக்கியது என்று நிலவியலார் சொல்லிவிடுவார்கள். சிறுகோளுக்கும் இதே முறைதான். மணல் கைக்கு எட்டாததால், அதன்மேல் பட்டுத் திரும்பும் வெயிலை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆலிவின் என்ற பாறைக் கனிமம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி ஒளியை விழுங்கும். பைராக்சின் என்ற இன்னொரு கனிமம் அங்கும், இரண்டு மைக்ரானை ஒட்டியும் விழுங்கும். இதனால் நிறமாலையில் விழும் பள்ளங்களின் அளவைக் கொண்டு இரண்டும் என்ன விகிதத்தில் கலந்துள்ளன என்று கணித்து, அருங்காட்சியகங்களில் உள்ள விண்கற்களோடு ஒப்பிடுகிறார்கள். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இதோகாவா சிறுகோளிலிருந்து 2010-இல் கொண்டுவந்த தூசி, இரும்பு குறைந்த ‘எல்எல்’ வகைக் கல்லோடு பொருந்தி, இந்த முறை சரியே என்று காட்டியது. 2008-இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரியில் விழுந்ததும் எல்எல் வகைதான்.

இதில் ஒரு புதிர் இருந்தது. பூமியில் விழும் கற்களில் எல்எல் வகை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூமிக்கு அருகே சுற்றும் பெரிய சிறுகோள்களிலோ அதுவே மிகுதி. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் ஆற்றங்கரையில் வளர்ந்த எவருக்கும் எளிதில் பிடிபடும்: மணல் கடல்வரை வந்துவிடும், பாறாங்கல் மலையடியிலேயே கிடக்கும். வெயிலில் சூடேறிய கல் சுழன்றபடி வெப்பத்தை உமிழும்போது மெல்லிய உந்தல் பிறக்கிறது. சில மீட்டர் அளவுள்ள துண்டை அது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் எந்த மூலையிலிருந்தும் நகர்த்திவிடும். கிலோமீட்டர் அளவுள்ளதை அவ்வளவாக அசைக்காது. ஆகவே, பட்டையின் உள்விளிம்பில் சனியின் ஈர்ப்பு மதகுபோல் திறந்துவிடும் இடத்துக்குப் பக்கத்தில் பிறந்த, எல்எல் வகையை ஒத்த ஃப்ளோரா என்ற சிறுகோள் குடும்பத்துப் பெரிய கற்களே அதிகம் வெளியேறுகின்றன.

2029 ஏப்ரல் 14 அதிகாலை, நாம் சித்திரைப் புத்தாண்டுக்குக் கோலமிடும் நேரத்தில், அபோபிஸ் சிறுகோள் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும். அதன் நிறமாலையும் எல்எல் வகையையே ஒத்திருக்கிறது. அப்போது தாங்கள் வெளியிடும் செய்தியில், பேருந்துக் கணக்கோடு இந்த விவரத்தையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.